டீஸ்ட்ரெட்ச் ரிவ்யூ: மங்கிப்போன பாறை ஓவியத்தைத் தேடிப் போறவங்களுக்கு

பாறை ஓவியம் பாக்கக் காடு மலைன்னு சுத்துற குரூப்ல நீங்க இருந்தீங்கன்னா டீஸ்ட்ரெட்ச்ங்கிற பேர் எப்படியும் காதுல விழுந்திருக்கும். யாராவது ஒருத்தர் ஊதா பாறையில ரத்தச் செவப்புல மான் ஓடுற மாதிரி ஒரு போட்டோ போடுவாரு, கீழ பத்து பேரு "சார் இது எந்த ஊரு, இவ்ளோ பளிச்சுன்னு இருக்கே"ன்னு கேப்பாங்க, நேர்ல போய்ப் பாத்தா வெறும் பாறை, உத்துப் பாத்தா லேசா ஒரு காவிக் கறை. அந்த வித்தையைப் பண்றது இந்த சாஃப்ட்வேர்தான். நான் கொஞ்ச காலமா லேப்டாப்லயும் போன்லயும் இதை யூஸ் பண்றேன், தமிழ்ல யாரும் இதைப் பத்தி நீட்டி எழுதுன மாதிரி தெரியல, அதான் எழுதுறேன். மார்க் முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலரை. அந்த அரை மார்க் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல இது என்னன்னு பாத்துடலாம். ஜான் ஹார்மன்னு அமெரிக்காவுல ஒருத்தர், கணக்குப் படிச்சவரு, பாறை ஓவியத்துல பைத்தியம், 2005 வாக்குல இதை எழுதுனாரு. இதுக்குப் பின்னாடி இருக்குற டீகோரிலேஷன் ஸ்ட்ரெட்ச்ங்கிற முறை அவரோடது இல்ல, நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் லேப்ல செயற்கைக்கோள் படங்களுக்காக வளர்த்தெடுத்தது. மேல இருந்து எடுத்த படத்துல எல்லா மண்ணும் ஒரே பழுப்பா தெரியும்ல, அதுல எந்த மண்ணு வேற எந்த மண்ணு வேறன்னு பிரிச்சுக் காட்டுறதுக்காக. பூமிக்கு அந்தப் பிரச்சினைன்னா பாறை ஓவியத்துக்கும் அதே பிரச்சினைதான். பாறையும் பழுப்பு, காவியும் பழுப்பு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நிற வித்தியாசம் ரொம்ப ரொம்பக் கம்மி. நம்ம போட்டோவுல செவப்பு, பச்சை, நீலம் மூணும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் ஏறும் இறங்கும், வெளிச்சம் ஜாஸ்தியான எடத்துல மூணும் ஜாஸ்தி, நிழல்ல மூணும் கம்மி. அப்படி ஒண்ணா போறதைக் கழிச்சுட்டு, எந்த எடத்துல துளியூண்டு விலகுதோ அதை மட்டும் புடிச்சு இழுத்துப் பெருசாக்கி வேற கலர்ல காட்டுது. இல்லாத எதையும் இது வரையறது கிடையாது, கேமரா புடிச்சதைத்தான் காட்டுது. இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா ஃபேஸ்புக்ல "இது ஏஐ போட்டது"ன்னு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க.

இன்ஸ்டால் பண்றது பத்தி. லேப்டாப்ல வேணும்னா இமேஜ்ஜேன்னு ஒரு இலவச ப்ரோக்ராம் போடணும், அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க செல் படம் பாக்குறதுக்காகப் பண்ணது, டீஸ்ட்ரெட்ச் அதுக்குள்ள ஒரு ப்ளகின். ப்ளகினை ஹார்மன் கிட்டயே கேட்டு வாங்கணும். தொறந்தா பழைய விண்டோஸ் காலத்து ஜன்னல் மாதிரி ஒண்ணு வரும், வரிசையா பட்டன், பட்டன் மேல மூணு நாலு எழுத்து, ஒண்ணும் புரியாது. பயப்படாதீங்க, அதெல்லாம் வேற வேற நிறக் கணக்கு, அவ்ளோதான். செங்காவிக்கு ஒய்ஆர்ஈ, எல்ஆர்ஈ, ரொம்ப மங்குன காவிக்கு சிஆர்ஜிபி, கருப்புக்கு ஒய்பிகே, மஞ்சளுக்கு ஒய்ஒய்ஈ, வெள்ளைக்கு ஒய்டபிள்யூஈ. எதுவும் தெரியலன்னா ஒய்டிஎஸ்ல ஆரம்பிங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும். போனுக்கு ஐடீஸ்ட்ரெட்ச்னு தனி ஆப் இருக்கு, காசு குடுத்து வாங்குறது, காட்டுல நின்னுக்கிட்டே படம் எடுத்து அங்கயே தட்டிப் பாக்கலாம், அதுக்காகவே வாங்கலாம், ஏன்னா வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பாத்த அப்புறம்தான் "அய்யோ பக்கத்துல இன்னும் ரெண்டு உருவம் இருக்கே, ஃப்ரேம்ல பாதி வெட்டிடுச்சே"ன்னு தலையில அடிச்சுக்குறது நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நடந்ததுதான்.

நான் முதல்ல ஓட்டிப் பாத்தது கீழ்வாலை படங்கள்ல. விழுப்புரம் மாவட்டம், திருக்கோவிலூர் போற பக்கம், கருங்கல் குன்றுங்க, 1980-கள்ல வெளியுலகத்துக்குத் தெரிய வந்த செங்காவி ஓவியம். வெறுங்கண்ணுக்கே நல்லாத் தெரியும் அந்த மெயின் உருவங்க, பறவை மூஞ்சி வெச்ச மாதிரி ஆளுங்க, விலங்கு மேல ஒருத்தன். ஆனா எல்ஆர்ஈ தட்டுனதும் கோடு எங்க முடியுது, எங்க மழைத்தண்ணி வழிஞ்ச கறை ஆரம்பிக்குதுன்னு தெளிவா பிரிஞ்சது பாருங்க, அதுக்குத்தான் அந்த நாலரை. கூடவே நம்ம மக்கள் பெயிண்ட்ல எழுதிவெச்ச பேரு, ஹார்ட்டு, அம்பு எல்லாம் நியான் லைட்டு கணக்கா எரிஞ்சுது. அதுவும் ஒரு வகையில பாறை ஓவியம்தான்னு சொல்லிச் சிரிச்சுக்க வேண்டியதுதான்.

இங்கதான் விஷயத்துக்கு வர்றேன். கீழ்வாலையில சில குறிகள் இருக்கு, அதைப் பாத்துட்டு சிந்துவெளி எழுத்து மாதிரியே இருக்குன்னு சொல்லி செய்தியெல்லாம் வந்தது. கேரளாவுல எடக்கல் குகைக்கும் 2009-ல அதே மாதிரி ஒரு செய்தி வந்தது. என் கூட வந்த ஒருத்தர் "டீஸ்ட்ரெட்ச்ல போட்டு முடிவு பண்ணிடலாம்ணே"ன்னாரு. தம்பி, அது முடிவு பண்ணாது. கோடு மூணா நாலா, வளைவு மேல போகுதா கீழ போகுதான்னு சொல்லும், அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல, ஏன்னா "ஒரே மாதிரி இருக்கு"ங்கிற வாதமே அந்தக் கோட்டை எப்படிப் பிரதி எடுத்தோம்ங்கிறதை நம்பித்தான் நிக்குது. ஆனா ரெண்டு குறி ஒரே மாதிரி இருந்தா ரெண்டுக்கும் ஒரே அர்த்தமா, ஒரே கையா, ஒரே காலமாங்கிறதுக்கு எந்த பட்டனும் கிடையாது. வட்டத்துக்குள்ள குறுக்குக்கோடு போடுறதுக்கு ஒருத்தன் இன்னொருத்தன் கிட்ட கத்துக்கணும்னு அவசியமே இல்ல, உலகம் பூரா போட்டு வெச்சிருக்கான். எடக்கல்ல இன்னொரு சிக்கல், அது வரைஞ்சது இல்ல, செதுக்குனது. செதுக்கலுக்கு இந்த சாஃப்ட்வேர் பெருசா உதவாது, அங்க பூசுன நிறம்னு ஒண்ணு இல்லையே, சாயங்கால வெயில் சாய்வா விழுறப்போ போய் எடுக்குறதுதான் வழி, இல்லன்னா முப்பரிமாண மாடல் பண்ணணும்.

கீழ்வாலை பக்கத்துலயே உடையாநத்தம்னு ஊரு, அங்க பெருங்கற்காலத்து விசிறிப்பாறை ஒண்ணு நிக்குது, தாய்த்தெய்வம்னு ஒருத்தர் சொல்வாரு, றெக்கை விரிச்ச பறவைன்னு இன்னொருத்தர், ஊருக்காரங்களுக்கு அது விசிறி. அர்த்தம்னு நாம பேசுறதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சரி, இந்த டூல் உண்மையிலேயே ஒரு "அர்த்தத்தை" ஒடைச்ச எடம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பிளாக் டிராகன் கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு. அங்க ஒரு பாறைச் சுவர்ல செவப்புல பெரிய உருவம், றெக்கை விரிச்ச ராட்சசப் பறவைன்னாங்க, அப்புறம் ஒரு கோஷ்டி வந்து இது டெரோசார், டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன, மனுசன் அதை நேர்ல பாத்து வரைஞ்சிருக்கான், அதனால பூமிக்கு வயசே கொஞ்சம்தான்னு பிரச்சாரமே பண்ணாங்க. 1947-ல ஒரு ஆளு போய் மங்கலா இருக்கேன்னு சாக்பீஸால சுத்திக் கோடு இழுத்து வெச்சிட்டாரு. அவரு கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சதோ அப்படி. அதுக்கப்புறம் போனவன் எல்லாம் பாத்தது ஓவியத்தையே இல்ல, அந்த சாக்பீஸ் கோட்டை. 2015-ல ஆன்டிக்விட்டி ஆய்விதழ்ல பால் பான், ழான் லூயிக் லு கெல்லெக்னு பாறை ஓவிய ஆய்வுல ரெண்டு பெரிய ஆளுங்களும் கூட இன்னொருத்தரும் சேந்து ஒரு கட்டுரை போட்டாங்க, டீஸ்ட்ரெட்ச்சும், எக்ஸ்ரே வெச்சு எந்தெந்தப் புள்ளியில காவி இருக்குன்னு அளக்குற கையடக்கக் கருவியும் ரெண்டும் யூஸ் பண்ணி. பாத்தா அது ஒரே உருவமே இல்ல. முட்டைக்கண்ணோட கைநீட்டி நிக்குற ஒரு ஆளு, பக்கத்துல சின்னதா இன்னொரு ஆளு, ஒரு ஆடு, ஒரு நாய், ஒரு பாம்பு மாதிரி நீள உருவம். அஞ்சையும் ஒட்டவெச்சு ஒரு டெரோசாரைப் பெத்தெடுத்தது அந்த சாக்பீஸ். அந்த மெனக்கெடலுக்கே இந்த சாஃப்ட்வேருக்கு ஒரு சல்யூட்.

கூடவே ஒரு நன்மையும் சொல்லிடுறேன். முன்னாடியெல்லாம் ஓவியம் தெளிவா தெரியணும்னு பாறை மேல தண்ணி தெளிப்பாங்க, சாக்பீஸ் பூசுவாங்க, சிலர் துணி வெச்சு தொடைக்கக்கூட செஞ்சாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நிறம் போகும், மேல உப்புப் படியும். இப்ப போட்டோ எடுத்தா போதும், கையே வைக்க வேணாம். யாராவது இன்னும் பாட்டில் தண்ணியோட வந்தா தயவு பண்ணித் தடுங்க.

அங்கோர் வாட் கதை தெரிஞ்சிருக்கும். கம்போடியாவுல அவ்ளோ பேர் தினம் வந்து போற கோயில், நோயல் ஹிடால்கோ டான்னு ஒரு ஆய்வாளர் சுவர்ல செவப்பா ஏதோ கறை இருக்கேன்னு படம் எடுத்து டீஸ்ட்ரெட்ச்ல போட்டாரு, 2014-ல அவர் வெளியிட்ட கட்டுரைப்படி 200-க்கு மேல ஓவியம், யானை, குதிரைக்காரன், படகு, வாத்தியக்காரங்க எல்லாம். இதுல எனக்குப் புடிச்சது கண்டுபிடிப்பை விட அதுக்கப்புறம் அவரு பண்ணது. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி "ராஜா வரைஞ்சது"ன்னு சொல்லல. சிலது வந்து போன யாத்திரிகர்கள் சும்மா கிறுக்குனதா இருக்கலாம், மேல கோபுரத்துல இருக்குற நேர்த்தியானதெல்லாம் 16-ஆம் நூற்றாண்டுல கோயிலைத் திரும்ப எடுத்துக் கட்டுன காலமா இருக்கலாம்னு எடத்துக்கு எடம் பிரிச்சுப் பாத்தாரு. டூலைக் கையில வெச்சிருக்கவங்க இப்படித்தான் வேலை பாக்கணும்.

இப்ப பீம்பெட்கா. மத்தியப் பிரதேசம், போபால்ல இருந்து 45 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், 1957-ல வாகன்கர்ங்கிற தொல்லியல் ஆய்வாளர் ரயில்ல போறப்போ ஜன்னல் வழியா பாறைங்களைப் பாத்துட்டுத் தேடிப்போய்க் கண்டுபிடிச்சது, 2003-ல உலகப் பாரம்பரியச் சின்னம். அங்க ஜூ ராக்னு ஒரு பாறை இருக்கு, வகை வகையா விலங்குங்க, செவப்பு மேல வெள்ளை, வெள்ளை மேல செவப்பு, நூற்றாண்டு நூற்றாண்டா ஒண்ணு மேல ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. கைடு கேட்டா எல்லாத்தையும் சேத்து ஒரே கதையாத்தான் சொல்லுவாங்க, ராஜா ஊர்வலம் போறாரு, விலங்கெல்லாம் பயந்து ஓடுதுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். டீஸ்ட்ரெட்ச்ல செவப்புக்கு ஒரு தடவை, வெள்ளைக்கு ஒரு தடவை தனித்தனியா ஓட்டிப் பாருங்க, அந்த ஊர்வலம் கலைஞ்சு போயிடும். குதிரை மேல ஆயுதத்தோட போறவங்க வரலாற்றுக் காலத்து ஆளுங்க, கீழ இருக்குற விலங்குங்க பல அதுக்கு ரொம்ப முந்தினது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்ல. அதே நேரம் ஒரு எச்சரிக்கை, எது மேல எது கீழன்னு இந்த சாஃப்ட்வேரை மட்டும் நம்பிச் சொல்லிடாதீங்க. அடர்த்தியான நிறம் கீழ இருந்தாலும் படத்துல மேல இருக்குற மாதிரி தெரியும். அதுக்கு லென்ஸ் வெச்சுப் பாறையையே பாக்கணும்.

பீம்பெட்கான்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, இதுக்கும் டீஸ்ட்ரெட்ச்சுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. அங்க ஆடிட்டோரியம் குகைக் கூரையில இலை மாதிரி ஒரு அச்சு இருக்குறதைப் பாத்துட்டு இது டிக்கின்சோனியா, ஐம்பத்தஞ்சு கோடி வருசத்துப் பழைய உயிரினத்தோட புதைபடிவம்னு 2021-ல பெரிய ஆளுங்களே கட்டுரை எழுதி, உலகம் பூரா செய்தி ஓடுச்சு. அப்புறம் வேற ஒரு குழு போய்க் கிட்டப் பாத்தா பாதி உதிர்ந்து போயிருக்கு. தேன்கூடு! பாறையில ஒட்டியிருந்த தேன்கூட்டோட மிச்சம். முதல்ல எழுதுன கிரகரி ரெட்டாலக் அதை ஒத்துக்கிட்டாரு, அது பெரிய மனசு. படிச்சவங்களுக்கே இந்த நெலமைன்னா வாட்ஸப் குரூப்ல நாம எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கணும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, அந்த அரை மார்க் போன எடம் இதுதான். இது சாஃப்ட்வேரோட தப்புன்னு கூடச் சொல்ல முடியாது. ஊதா, ரத்தச் செவப்பு, மின்னுற மஞ்சள்னு படம் வெளிய வந்த உடனே மனுச மூளை கதை கட்ட ஆரம்பிச்சிருது. மங்கலா இருந்தப்போ "ஏதோ கறை"ன்னு தாண்டிப் போனதெல்லாம் இப்ப "விண்வெளி உடை" ஆயிடுது. சத்தீஸ்கர்ல சாராமாங்கிற எடத்துல இருக்குற ஓவியத்தைப் பத்தி 2014-ல வேற்றுக்கிரகவாசி, பறக்கும் தட்டுன்னு பேப்பர்லயே வந்துது, நாசா கிட்டயும் இஸ்ரோ கிட்டயும் கேக்கப் போறோம்னு பேச்செல்லாம் அடிபட்டுச்சு. மூக்கு வாய் இல்லாத உருவமாம், அதனால ஏலியனாம். ஏங்க, நம்ம வீட்டுக் குழந்தை வரையிற ஆளுக்கும்தான் பாதி நேரம் மூக்கு இருக்காது.

ஆஸ்திரேலியாவுல கிம்பர்லின்னு ஒரு பகுதி, அங்க வாஞ்சினான்னு பெரிய பெரிய வெள்ளை உருவங்க, வட்டக் கண்ணு, மூக்கு, ஆனா வாய் கிடையாது, தலையைச் சுத்தி ஒளிவட்டம் மாதிரி. இதையும் விண்வெளி வீரன்னு புத்தகம் போட்டு வித்தவங்க உண்டு. ஆனா அங்க ஒரு வித்தியாசம் இருக்கு, வரைஞ்ச ஜனங்க இன்னும் இருக்காங்க. வொரோரா, ஙாரின்யின், வுனம்பல்னு மூணு சமூகம், அவங்களைக் கேட்டா சொல்றாங்க, இது மழையையும் மேகத்தையும் கொண்டு வர்ற ஆவிங்க, தலையைச் சுத்தி இருக்குறது மேகமும் மின்னலும், மங்கிப் போனா திரும்ப வரையணும், வரையலன்னா மழை வராது. அதாவது மங்குன ஓவியத்தைக் கம்ப்யூட்டர்ல பளிச்சாக்கிப் பாக்குறது நம்ம வழக்கம், பாறையிலயே திரும்ப வரைஞ்சு பளிச்சாக்குறது அவங்க வழக்கம். வெள்ளைக்காரங்க சிலர் ஒரு காலத்துல "பழைய ஓவியத்தைக் கெடுக்குறாங்க"ன்னு அதுக்குப் புகார் சொன்னதும் நடந்துது. அந்த ஓவியத்துல எது "ஒரிஜினல்"னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தென்னாப்பிரிக்கா டிராகன்ஸ்பெர்க் மலையிலயும் கிட்டத்தட்ட இதே நெலமைதான். சான்ங்கிற அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் வரைஞ்ச ஈலண்ட் மான்கள், உலகத்துலயே அழகான பாறை ஓவியம் எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். நூறு வருசம் முன்னாடி பாத்தவங்க, வேட்டைக்காரன் சாப்பிட்ட விலங்கை வரைஞ்சிருக்கான்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஆனா 1870-கள்ல கேப்டவுன்ல ப்ளீக்னு ஒரு மொழியறிஞரும் லூசி லாய்டுன்னு அவரோட மைத்துனியும் சான் ஆளுங்க கிட்ட உக்காந்து ஆயிரக்கணக்கான பக்கத்துக்குக் கதை, சடங்கு, நம்பிக்கைன்னு எழுதி வெச்சிருந்தாங்க. 1873-ல சிங்ன்னு ஒரு சான் வழிகாட்டி ஓவியத்துக்கு முன்னாடியே நின்னு ஆர்ப்பன்னு ஒரு அதிகாரிக்கு விளக்கம் சொன்னதும் பதிவுல இருக்கு. டேவிட் லூயிஸ் வில்லியம்ஸ்ங்கிற ஆய்வாளர் இதையெல்லாம் ஓவியத்தோட சேத்துப் படிச்சுப் பாத்தாரு. கேம் பாஸ் குகையில சாகப்போற ஈலண்ட் காலைப் பின்னிக்கிட்டு நிக்குது, அதோட வாலைப் புடிச்சிக்கிட்டு ஒரு மனுசன், அவன் காலும் அதே மாதிரி பின்னியிருக்கு, பாதத்துக்குப் பதிலா குளம்பு. ஆடி ஆடி மயக்க நிலைக்குப் போற பூசாரிக்கு அது சாவு மாதிரி ஒரு அனுபவம், ஈலண்டோட சக்தி அவனுக்குள்ள வருது. இதை எந்த போட்டோ எஃபெக்ட்டும் உங்களுக்குச் சொல்லாது, அந்த நோட்டுப் புத்தகம்தான் சொல்லும். கால் பின்னியிருக்கா, குளம்பா பாதமாங்கிறதைத் தெளிவா பாக்குறதுக்கு வேணா டூல் உதவும்.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஒப்பல. சான் மக்களுக்குப் பொருந்துனதை எடுத்துட்டுப் போய் ஃப்ரான்ஸ் குகைங்களுக்கும் போட்டாங்க, அப்புறம் உலகம் பூரா போட்டாங்க, எங்க புள்ளி கோடு நெளி இருந்தாலும் அது மயக்கத்துல கண்ணுக்குள்ள தெரியிற உருவம்னு. இது புதுசும் இல்ல. 1903-லயே ரெய்னாக்னு ஒருத்தர் ஆஸ்திரேலியப் பழங்குடிங்க சடங்கை எடுத்து ஐரோப்பியக் குகைக்கு மாட்டி, விலங்கை வரைஞ்சா வேட்டை நல்லா கிடைக்கும்ங்கிற மந்திரம்னாரு, ரொம்ப காலம் பாடப்புத்தகம் பூரா அதான். ஃப்ரான்ஸ்ல லாஸ்கோ குகையில எலும்பைத் தோண்டி எடுத்துப் பாத்தா வரைஞ்சவங்க தின்னது பெரும்பாலும் ரெய்ன்டீர்ங்கிற பனிப்பிரதேச மான், சுவர்ல பாத்தா குதிரையும் காட்டுமாடும்தான் மொய்க்குது, ரெய்ன்டீர்னு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வேட்டை மந்திரம்னா தினம் திங்கிறதைல்ல வரையணும்? நமீபியாவுல ப்ராண்ட்பெர்க் மலையில "வெள்ளைப் பெண்மணி"ன்னு பேர் வெச்ச ஓவியம் இன்னும் மோசம், ஆபே ப்ரோய்ங்கிற ஃப்ரெஞ்சு ஆய்வாளர் அதை மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து வந்த பொண்ணுன்னுட்டாரு, உண்மையில அது ஆப்பிரிக்க ஆம்பளை உருவம், ஒடம்புல வெள்ளை பூசியிருக்கான். அவரு கண்ணுல ஓடுனது அவரு ஊரு.

எகிப்து பாலைவனத்துல வாடி சுராவுல குட்டிக் குட்டிக் கை அச்சுங்க இருக்கு, குழந்தைங்க கைன்னு எல்லாரும் நெனச்சாங்க, கவிதையெல்லாம் எழுதலாம் போல. எம்மானுவேல் ஒனோரேன்னு ஒரு ஆய்வாளர் சும்மா இருக்காம, ஆஸ்பத்திரியில பச்சைக் குழந்தைங்க கையை அளந்து ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2016-ல ரிசல்ட் வந்துது, அது மனுசக் கையே இல்ல, ஒடும்பு மாதிரி ஊர்வனவோட கால், இல்லன்னா குட்டி முதலையோடது. எதுக்கு வெச்சாங்க? அது அவங்களுக்குத்தான் வெளிச்சம். ஆனா கேள்வியே மாறிப்போச்சு பாருங்க. எனக்கு அர்த்தம் தேடுறதுல சந்தோஷம் தர்றது இந்த மாதிரி வேலைதான், ஒரு அளவுகோலும் பொறுமையும் போதும்.

நம்ம பக்கம் இப்படிக் கேட்டுத் தெரிஞ்சுக்கக்கூடிய வாய்ப்பு எங்கன்னா நீலகிரியில. கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பை ஆலு குறும்பர்கள், பக்கத்துல இருக்குற எழுத்துப்பாறை ஓவியம் எங்க முன்னோர் வரைஞ்சதுன்னு சொல்றாங்க, அவங்க வீட்டுச் சுவர்லயும் விசேஷத்துக்கு வரையிற வழக்கம் உண்டு. டீஸ்ட்ரெட்ச்சோட அங்க போறவங்க லேப்டாப்பைத் தொறக்குறதுக்கு முன்னாடி அவங்க கிட்ட உக்காந்து பேசுங்க, அவங்க கூட்டிட்டுப் போனா போங்க, வேணாம்னா வேணாம். அவங்க சொல்றதும் பல்லாயிரம் வருசத்துக்கு முந்தினவன் நெனச்சதும் அப்படியே ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்ல, இருந்தாலும் பாரிஸ்ல உக்காந்து யோசிச்சதை விட அது எவ்ளோவோ மேல். அதே நீலகிரியில கரிக்கையூர் ஓவியத்து மேல சுற்றுலான்னு வந்தவங்க கிறுக்கியே நெறைய நாசம் பண்ணிட்டாங்க, அதனால லொகேஷன் பின் மட்டும் போட்டோவோட ஷேர் பண்ணாதீங்க, ப்ளீஸ்.

ப்ராக்டிகலா சில விஷயம், கமெண்ட்ல கேப்பீங்கன்னு தெரியும். ஃப்ரேம்ல வானம், பச்சை இலை, யாரோட ஆரஞ்சு கலர் பனியன் எதுவும் வரக்கூடாது, ஏன்னா மொத்தப் படத்தோட நிறத்தையும் வெச்சுத்தான் கணக்குப் போடுது, ஒரு பனியன் போதும் மொத்தக் கணக்கையும் கெடுக்க. வந்துட்டா கவலைப்படாதீங்க, ஓவியம் இருக்குற எடத்தைச் சுத்தி மட்டும் ஒரு கட்டம் இழுத்துட்டு அப்புறம் பட்டனைத் தட்டுங்க. அளவுக்கு வைக்கிற கலர் ஸ்கேலும் இதே மாதிரி கெடுக்கும், கட்டத்துக்கு வெளியில விட்டுடுங்க. நேர் வெயில் வேணாம், சீரான நிழல் போதும். வாட்ஸப்ல வந்த போட்டோவை எடுத்துப் போட்டு "ஒண்ணும் வரல"ன்னு சொல்லாதீங்க, சுருக்கி அனுப்புன படத்துல சதுரம் சதுரமா கட்டம்தான் எழும்பி வரும், சில பேர் அந்தக் கட்டத்தையே பழங்கால சதுரங்கப் பலகைன்னு போஸ்ட் போட்டிருக்காங்க, நான் பாத்திருக்கேன். கேமராவுல ரா ஃபைலா (சுருக்காத அசல் படமா) எடுத்தா ரொம்ப நல்லது. பாசி, தண்ணிக்கறை, பாறையில இயல்பா இருக்குற இரும்புத் துரு எல்லாமும் காவி மாதிரியே ஜொலிக்கும், துருவும் காவியும் அடிப்படையில ஒரே இரும்புச் சரக்குதானே, அதனால நேர்ல பாத்த குறிப்பு இல்லாம எதையும் உருவம்னு அறிவிக்காதீங்க.

வெளியில போடுறப்போ ஒரிஜினல் போட்டோவையும் பக்கத்துல போடுங்க, எந்த பட்டன், எவ்ளோ ஸ்கேல் (சாஃப்ட்வேர்ல நிறத்தை எவ்ளோ இழுக்கணும்னு வைக்கிற அளவு)னு எழுதுங்க. அது இல்லாம வர்ற ஊதாப் படத்தை இப்பல்லாம் நான் பாக்குறதே இல்ல, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவேன்.

ஒரே ஒரு குறை நெஜமாவே இருக்கு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மல்லப்பாடி மாதிரி எடங்கள்ல இருக்குறது வெண்சாந்து ஓவியம், கருங்கல்லு மேல வெள்ளை. வெள்ளைக்கு நிறம்னு பெருசா ஒண்ணும் இல்லாததால இந்த முறைக்கே புடிமானம் கம்மி, ஒய்டபிள்யூஈ கொஞ்சம் உதவுது, ஆனா செங்காவியில கிடைக்கிற அந்த மேஜிக் கிடைக்காது, கல்லுல இருக்குற வெள்ளைப் படிகப் புள்ளிங்களும் கூடவே எழுந்து வந்து நிக்குது. ஸ்கேலைக் கொறச்சு, படத்தை முதல்ல லேசா மங்கலாக்கிட்டு ஓட்டுனா கொஞ்சம் தேவல. இதை விட நல்ல வழி யாராவது வெச்சிருந்தா சொல்லுங்க, அடுத்து அந்தப் பக்கம்தான் போறதா இருக்கேன்.